புதுமனையிற் காணும் குறைகளும் அவற்றைத் தீர்க்கும் முறையும்

மனை, இல், அகம், உறையுள், வீடு என இருப்பிடத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பலவாம். அவற்றுள் 'வீடு' என்பது 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. பகலெல்லாம் உழைத்தவன் தொழிலை விட்டு வந்து இளைப்பாறும் இடத்திற்கும், பற்றனைத்தையும் விட்டு அடையும் பேற்றிற்கும் இவ்வொரு சொல்லையே நம் முன்னோர் வழங்கினர். ஆயின் இந்நாளில் புதுவீடு கட்டிக் குடிபுகுந்த அன்பர் பலர்க்கு அவ்வீட்டிற் புகுந்த பின்னர்த்தான் இளைப்பாறுதல் அரிதாகின்றது. வாழ்நாட் சேமிப்பு, மனைவியின் நகை, வங்கிக் கடன் எல்லாவற்றையும் ஒன்றாக்கி எழுப்பிய வீடு முதல் மழையில் ஒழுகுகின்றது. முதற் கோடையில் சுவர் வெடிக்கின்றது. படியேறும் முதியவர் கால் தடுக்கி விழுகின்றார்.

இக்குறைகளோடு திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "ஐயா, இதற்கு என்ன பரிகாரம்?" என்பர். நல்ல கேள்விதான். பரிகாரம் என்னும் வடசொல்லுக்கு நீக்குதல், விலக்குதல் என்பன பொருளாம். நாட்டு மருத்துவரைப் பரிகாரி என்று வழங்கிய வழக்கும் நம்மிடையே உண்டு. பரிகாரியாவார் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நோய் எங்கிருந்து வந்தது என்று உசாவிய பின்னரே மருந்து கொடுப்பார். வீட்டின் குறைக்கும் அவ்வாறே முதற்கண் காரணம் காணல் வேண்டும். இறைவனை வழிபடுதல் மனத்திற்குத் திண்மை தரும். அத்திண்மையோடு ஏணியை எடுத்து மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தல் நம் கடமையாகும்.

குறைகள் ஒரு தன்மையன அல்ல. வரைந்தபோதே தவறியது அமைப்புக் குறை. வரைந்தது சரியாயிருந்தும் கட்டியபோது தவறியது வேலைக் குறை. இரண்டையும் பிரித்தறியாவிடின் மருந்து மாறிப்போகும். சென்னைப் புளியந்தோப்பில் கே.பி. பூங்காத் திட்டத்தில் அரசு வாரியம் எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கையால் தொட்ட அளவிலேயே சுவர்ப்பூச்சு உதிர்வதைக் குடிவந்த மக்கள் காட்டினர். சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்ந்து பூச்சின் தரக்குறைவை எடுத்துரைத்தனர். இது வேலைக் குறை. போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் நாள் மழைபெய்த மாலையில், கட்டி முடியுந் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டன. அதனை ஆராய்ந்த நீதியரசர் இரகுபதி ஆணையம் கட்டமைப்பு வடிவிலேயே குறையிருந்ததைச் சுட்டியது. அருகில் நின்ற அதன் இணைக் கட்டடத்தை எவ்விதத்தாலும் திருத்திக்கொள்ளாமல், 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தனர். பூச்சு உதிர்ந்தால் மீண்டும் பூசலாம். தூண் சுமை தாங்காதாயின் பூசி என்ன பயன்?

உயிருக்கு ஊறு செய்யாவிடினும் வாழ்வைத் துன்பமாக்கும் அமைப்புக் குறைகளும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், நாகப்பட்டினக் கடற்கரை ஊர்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான புதுவீடுகளைக் கட்டித் தந்தன. நன்னோக்கிற் குறைவில்லை. ஆயினும் பின்னர்ச் சென்று ஆய்ந்தோர் கண்டவை சிந்தனைக்குரியன. மனையைச் சமன் செய்வதற்காக நிழல்தரு மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. கீற்றும் ஓடும் வேய்ந்த பழைய வீட்டின் தாழ்வாரமும் திண்ணையும் மறைந்து, தட்டையான கான்கிரீட் தளத்தின்கீழ் ஒரே அச்சில் வார்த்த அறைகள் வரிசையாய் நின்றன. வலை பின்னவும் மீன் உலர்த்தவும் அயலாரோடு அமர்ந்து பேசவும் இருந்த இடம் போயிற்று, வெப்பம் மிகுந்தது. சில வீடுகளில், சமையலிடத்தை ஒட்டிய கழிப்பறையை மக்கள் பண்டசாலையாக்கிக் கொண்டனர். அங்கே வாழப்போகிறவர் யார், அவர் தொழில் யாது, அவ்வூர்க் காற்று எத்திசையினது என வினவாது வரைந்ததன் விளைவு அது. அரூர் வட்டத்தில் வீடு கட்டுவோரும் சென்னை நகரத்துப் படம் ஒன்றைக் கைப்பேசியிற் காட்டி, "இதுபோற் கட்டித் தருக" என்று மேஸ்திரியிடம் சொல்லுமிடத்து இக்குறையே நேர்கின்றது.

பழைய நூலோர் இவ்வாறு செய்திலர். மயமதம் முதலான சிற்ப நூல்கள் மனைகோலுமுன் நிலத்தைத் தேர்ந்து பார்க்கச் சொல்கின்றன. முழ ஆழக் குழி தோண்டி, தோண்டிய மண்ணையே மீண்டும் அதில் இட்டால், மண் மிஞ்சின் தலை, ஒத்திருப்பின் இடை, குறையின் கடை என்பது ஒரு தேர்வு. மாலையில் குழிநிறைய நீரூற்றி விடியலிற் பார்ப்பது மற்றொன்று. இக்காலப் பொறியாளர் மண்ணின் இறுக்கத்தையும் நீர்வடியும் தன்மையையும் சோதித்தறிகின்றனரே, அதன் எளிய வடிவம் இதுவாம். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு நிலம் வகுப்போர் நடுப்பகலில் நட்ட கோல்களின் நிழல்கண்டு திசையறிந்து கயிறிட்டு அளந்த செய்தியை நக்கீரர் கூறுகின்றார். மேல்தளத்து மழைநீர் வாய் பிளந்த உருவமைந்த தூம்பின் வழியே வீழ்வதையும் அப்பாட்டிற் காணலாம். அரசன் இல்லம் ஆயினும் நீர் வெளியேறும் வழி முதலிலேயே எண்ணப்பட்டது என்பது கருதத்தக்கது. இவையெல்லாம் கட்டுவதற்கு முன் செய்பவை. கட்டிய பின் இடிப்பதற்குரிய விதிகள் அல்ல. இதனை அன்பர்கள் நினைவிற் கொள்க.

திசை பார்த்தல் என்பதன் பயனை ஈண்டுச் சிறிது விளக்குவோம். சன்னலைச் சிலப்பதிகாரம் 'காலதர்' என்கின்றது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று ஒரு வழியால் நுழைய வேண்டுமாயின் மற்றொரு வழியால் வெளியேறவும் வேண்டும். இக்காலத்துப் படுக்கையறை பலவற்றில் ஒரு சுவரில் மட்டும் சன்னல் வைத்து, எதிர்ச்சுவரில் அலமாரியை அடைத்துவிடுகின்றனர். வந்த காற்று திரும்பிப் போக இடமில்லை. இதற்கு வீட்டை இடிக்க வேண்டுவதில்லை. எதிர்ச்சுவரிலோ கதவு நிலையின் மேலோ காற்றுப்பலகணி ஒன்று திறந்தால் போதும். சித்திரை, வைகாசித் திங்களில் நம் வட்டாரத்தில் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரைச் சுட்டெரிக்கும். பகலில் வெப்பத்தை உண்ட அச்சுவர் இரவெல்லாம் அதனை உமிழும். மேற்கில் இடமிருந்தால் வேம்போ புங்கமோ சுவரினின்று தள்ளி நடுக. இடமில்லையேல் சன்னலுக்கு மேல் ஆழமான சன்ஷேடும், வெளிப்புறத்தே மூங்கில் தட்டியும் அமைக்க. மொட்டைமாடிக்கு வெண்சுண்ணம் தீட்டினாலும், வெயிலைத் திருப்பும் வெண்ணிறத் தட்டோடு பதித்தாலும் கீழறையின் வெப்பம் தணியும்.

மூலைகள் பற்றிய அச்சம்

இனி, பெரும்பொருள் இழப்புக்குக் காரணமாகும் ஒன்றைக் கூறுதல் வேண்டும். மனையடி சாத்திரத்தில் நம்பிக்கை உடையாரை யான் குறைகூறேன்; திசையும் அளவும் பார்த்து மனை கோலுதல் நம் மரபே. ஆயின் சாத்திரத்தை முழுதும் ஓதாத சிலர், குடிபுகுந்து அல்லற்படும் வீட்டிற்கு வந்து, "ஈசானிய மூலையிற் படிக்கட்டு, அக்கினி மூலை தவறியது, நிருதி மூலையிற் பள்ளம்" என்று அச்சுறுத்தி இடிக்கச் சொல்கின்றனர். இடிக்க இயலாதாரிடம் பித்தளைப் பிரமிடையும் கண்ணாடியையும் விற்றுச் செல்வாரும் உளர். எந்தச் சிற்ப நூலிலும் பித்தளைப் பிரமிடை யான் கண்டதில்லை.

அரூரை அடுத்த ஓர் ஊரில் ஆசிரியப்பணியினின்று ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், கிடைத்த பணிக்கொடையைக் கொண்டு வீடு கட்டினார். ஓராண்டிற்குள் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியது, பூஞ்சணம் படர்ந்தது, பேரப்பிள்ளைக்கு இருமல் ஓயவில்லை. வந்து பார்த்த ஒருவர், அடுப்பு நின்ற இடமே பிழை, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே உள்ள சுவரை எடுத்து அறையை மாற்றுக என்றார். அச்சுவர் எடுக்கப்பட்டது. அது தளத்தின் சுமையைத் தாங்கிய செங்கற் சுவர். இரு திங்களில் கூடத்தின் தளத்தில் நெடுக விரிசல் கண்டது; கதவு நிலையில் முட்டி மூட மறுத்தது. பின்னர் ஒரு பொறியாளர் வந்து, மரமுட்டுக் கொடுத்துத் தளத்தைத் தாங்கி, இரும்பு உத்தரம் செருகி வீட்டைக் காத்தார். ஓதத்திற்குக் காரணம் யாதெனின், சமையலறைச் சுவருக்குப் பின்னே குளியலறையில் சுவருக்குள் பதித்த நீர்க்குழாயின் இணைப்பு ஒன்று கசிந்தமையே. அதனைத் திருத்த ஒரு குழாய்த் தொழிலாளிக்கு அரைநாள் வேலை. சுவர் உலர்ந்தது, பிள்ளையின் இருமலும் படிப்படியாய்த் தணிந்தது.

வீட்டின் சுவரை எடுக்கலாமா என்பதற்கு ஓர் அடிப்படை விதி உண்டு. கான்கிரீட் தூணும் உத்தரமும் அமைத்து எழுப்பிய வீட்டில் இடைச்சுவர் பெரும்பாலும் தடுப்பே. சுமை தூண் வழியே அடித்தளம் செல்லும். தூணின்றிக் கற்கடைகால் மேல் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் எழுப்பி, அதன்மேல் தளம் போட்ட வீட்டில் ஒவ்வொரு சுவரும் தூணுக்கு நிகர். நம் ஊர்களில் உள்ள வீடுகளிற் பல இரண்டாம் வகையின. வெளியிலிருந்து பார்த்து இன்னது என்று கூறல் அரிது. ஆதலின் சோதிடர் சொல்லினும், உறவினர் சொல்லினும், கொத்தனாரே சொல்லினும், கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரிற் பார்த்து எழுத்தில் தாராமல் எச்சுவரிலும் கடப்பாரை வைத்தல் கூடாது. தூணையும் உத்தரத்தையும் குடைந்து குழாய் செலுத்துதலும் அவ்வாறே விலக்கத்தக்கது.

நீரால் வரும் குறை

தீர்த்தமலையில் பாறையினின்று வீழும் இராமதீர்த்தத்தில் நீராட மக்கள் தொலைவினின்றும் வருகின்றனர். நம் வீட்டுக் கூரையினின்று வீழ்வதையோ ஒரு நாளும் பொறுக்க மாட்டோம். நீர் தன் இயல்பின்படி தாழ்ந்த இடம் தேடிச் செல்கின்றது. நாம் வழி வைத்தால் வழியே செல்லும், வைக்காவிட்டால் தளத்தினுள் வழி செய்துகொள்ளும்.

இதனைத் தொழிலாளர் 'வாட்டம்' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவர். மொட்டைமாடியில் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் இருத்தல் வேண்டும். பழங்காலத்தார் தளத்தின்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தனர். அது நீரையும் தடுத்தது, வெயிலையும் தடுத்தது. இக்காலத்தில் செலவைச் சுருக்கக் கருதி, கான்கிரீட் தளத்தின்மேல் மெல்லிய சிமெண்டுப் பூச்சோடு நிறுத்திவிடுகின்றனர். வாட்டம் ஒரு பக்கமாகவும் நீர்க்குழாய் மறுபக்கமாகவும் அமைந்த மாடிகளையும் யான் பார்த்திருக்கின்றேன். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் பெரும்பாலும் கசிவின் தாய். அவ்விடத்தைச் செங்கோணமாக விடாது கலவையால் உருட்டி வளைத்துப் பூசுதல் வேண்டும்.

கசிவின் இடத்தைக் காணும் முறை எளிது. நீர்க்குழாய் வாய்களைத் துணியால் அடைத்து, மாடியில் ஓர் அங்குல அளவு நீரை ஒரு நாள் நிறுத்துக. கீழே கறை படரும் இடத்தைக் கரியால் வட்டமிட்டு நேரம் குறிக்க. நீர் மேலே நுழைந்த இடமும் கீழே சொட்டும் இடமும் ஒன்றாக இரா. தளத்தின் உள்ளே சில அடி நடந்து வருதலும் உண்டு. ஆகலின் கறையின் நேர்மேலே மட்டும் பூசுதல் வீண். குளியலறைத் தளத்திற்கும் இச்சோதனை பொருந்தும். கீழே உட்புறம் மட்டும் வண்ணம் தீட்டி மறைப்பதோ, புண்ணுக்கு மேல் சந்தனம் பூசியதை ஒக்கும். மேலே அடைத்து, கீழே முற்றும் உலர்ந்த பின்னரே வண்ணம் தீட்டுக.

ஈண்டு முகூர்த்தம் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். குடிபுகும் நாளை முன்னரே குறித்து, பத்திரிகை அச்சிட்டு, அந்நாளுக்கு ஏற்ப வேலையை விரைவுபடுத்துதல் இன்று வழக்கமாயிற்று. தளம் போட்ட மூன்றாம் நாளே நீர் ஊற்றுவதை நிறுத்துவோர் உளர். கான்கிரீட்டில் உள்ள சிமெண்டு நீரோடு சேர்ந்து இறுகுவதற்குக் காலம் வேண்டும். இந்தியத் தர விதி 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், வெப்பமும் வறட்சியும் மிக்க இடத்திலும் சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்கும் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கின்றது. இன்று கடைகளில் மிகுதியும் கிடைப்பது கலப்புச் சிமெண்டே. தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துதலும், தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றுதலும் இதற்காகவே. ஈரம் காக்கப்படாத தளம் வலிமை குன்றி, நுண்துளை மிகுந்து, பின்னாளில் நீரை உறிஞ்சும். கதவில்லாத வீட்டிலும் கூரை மூடப்படாத வீட்டிலும் புகலாகாது என்பது வீடுபுகுதல் பற்றிய பழைய விதி. முற்றுப்பெறாத வீட்டிற்கு நாள் குறித்தலை மரபே ஏற்கவில்லை என்பது இதனாற் பெறப்படும். தை போனால் சித்திரை வரும். சித்திரை போனாலும் வைகாசி உண்டு. சுவரின் ஈரம் உலருமுன் வண்ணம் தீட்டிக் குடிபுகுந்த வீட்டிலேதான் ஆறு திங்களில் வண்ணம் கொப்புளித்து உரிகின்றது.

நம் மாவட்டத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பானது. குடிநீரில் புளூரைடு மிகுதியால் மக்கள் பட்ட துன்பத்தைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்திற்குப் பகை புளூரைடு அன்று, உப்பாகிய குளோரைடே. இரும்புக் கம்பி இட்ட கான்கிரீட்டிற்குக் கலக்கும் நீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமிற்கு மேல் குளோரைடு கூடாது என்பதும் மேற்கூறிய தர விதியே. உப்பேறிய கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும். அது தன்னைச் சூழ்ந்த கான்கிரீட்டைப் பிளந்து வெளித்தள்ளும். கூரையின் அடியில் கம்பியின் நேரே பழுப்புக் கறை தோன்றினால் பூச்சைத் தட்டி, கம்பியைத் துலக்கி, துருத்தடுப்புப் பூசி மூடுதல் வேண்டும். காலம் தாழ்த்துதல் கூடாது.

விரிசல்கள்

விரிசல் கண்டதும் அஞ்சுவோரும் உளர். அஞ்ச வேண்டியதையும் பூசி மறைப்போரும் உளர். அந்நாளில் ஐ.எஸ்.ஐ. என வழங்கிய தர நிறுவனம் 1984இல் விரிசல்களுக்கெனவே ஒரு கையேடு வெளியிட்டது. ஒரு மில்லிமீட்டருக்குட்பட்டவை மெல்லியன, இரண்டு வரை இடைப்பட்டன, அதற்கு மேற்பட்டவை அகன்றன என்பது அதன் பாகுபாடு. பூச்சின்மேல் சிலந்திவலை போற் படரும் மயிரிழைகள் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வந்தன. வண்ணம் தீட்டுமுன் நிரப்பினால் மறையும். மேல்மாடியில் தளத்திற்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக ஓடும் விரிசல், வெயிலால் தளம் நீண்டு சுருங்குவதனால் நேர்வது. மாடியின்மேல் வெப்பத்தைத் தடுத்தாலன்றி எத்தனை முறை பூசினும் மீளும். தூணும் செங்கற் சுவரும் சேருமிடத்து நெட்டுக்குத்தாய் ஓடுவது இரு பொருள்களின் இயல்பு வேறுபடுதலால் வருவது. கோழிவலை எனப்படும் கம்பிவலை பதித்துப் பூசுதல் மருந்தாகும். சன்னல் மூலையினின்று படிப்படியாய்ச் சரிந்து ஏறும் விரிசலும், கீழே குறுகி மேலே அகலும் விரிசலும் அடித்தளம் ஒருபுறம் இறங்குவதைக் காட்டலாம். இதற்குப் பொறியாளரை அழையாது இருத்தல் பேதைமை.

விரிசல் வளர்கின்றதா, நின்றுவிட்டதா என்பதை அறிய, அதன் இரு நுனியிலும் பென்சிலாற் கோடிட்டு நாள் எழுதுக. குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டுப் பசையால் ஒட்டுக. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகின்றது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் உடையாதிருந்தால் அமைதியாகப் பூசலாம். கிருட்டிணதேவராயர் 1516இல் எழுப்பிய திருக்காளத்தி இராசகோபுரம் 2010 மே 26ஆம் நாள் மாலை சரிந்து வீழ்ந்தது. அதன் விரிசல் நெடுநாளாக எல்லோரும் அறிந்தது. விரிசல் அகலத் தொடங்கியதைக் கண்டு அப்பகுதியினின்று மக்களை விலக்கியமையால் பெரும் உயிரிழப்பு நேராது தப்பினர். புதிதாக எழுப்பிய கோபுரத்திற்கு 2017இல் குடமுழுக்கு நடைபெற்றது. ஐந்நூறாண்டு நின்ற கோபுரத்திற்கே பார்வை வேண்டுமாயின், சென்ற ஆண்டு கட்டிய வீட்டிற்குச் சொல்ல வேண்டா.

படிக்கட்டு பற்றி முதியவன் என்ற முறையில் சற்று அழுத்திச் சொல்வேன். வீடுகளுக்குப் படியின் உயரம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலத்திற்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டர், அதாவது பத்து அங்குலத்திற்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. இதனினும் முதன்மையானது எல்லாப் படியும் ஒரே உயரமாய் இருத்தல். தரைக்குப் பின்னர்க் கல் பதிக்கும்போது முதற்படி தாழ்ந்து, மேல்தளத்தில் ஓடு பதிக்கும்போது கடைசிப்படி மாறிவிடும். கால் தன் நினைவில் ஏறுவது. ஓர் அங்குல வேறுபாடே விழச் செய்யும். அத்தகைய படிக்கு விளிம்பில் வேறு நிறக் கோடிட்டு, இரு பக்கமும் கைப்பிடி அமைத்து, அந்த ஒரு படியை மட்டும் கலவை ஏற்றித் திருத்தலாம். வழவழப்பான ஓட்டைக் குளியலறையில் பதித்தோர் அதனைச் சொரசொரப்பானதாய் மாற்றுதல் நன்று.

கழிவுநீர்க் குழியைக் கிணற்றுக்கு அருகில் அமைத்தல் சிறிய மனைகளில் மிகுதியும் காணும் குறை. நீர் உறிஞ்சும் குழி குடிநீர்க் கிணற்றினின்று 18 மீட்டர், ஏறத்தாழ 60 அடி தள்ளி இருத்தல் வேண்டும். இடமில்லாதார் அக்கிணற்று நீரைச் சோதிப்பிக்காமற் பருகற்க. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அக்குழியைக் கடைகாலை ஒட்டித் தோண்டினால் அடிமண் இளகும் என்பதையும் மறத்தலாகாது.

கேட்கும் உரிமை

கட்டிக் கொடுத்தவர் குறையைத் திருத்தித் தரல் வேண்டுமா என்பது அடுத்த வினா. வேண்டும். வீடு கட்டித் தருதலும் நுகர்வோர் சட்டத்திற்குட்பட்ட சேவையே என்று இலக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்கிற்குக் காரணம் தோன்றிய நாளினின்று இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் வரையாயின் கட்டணம் இல்லை. ஐம்பது இலட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். முதலில் ஆலோசனை வேண்டுவோர் 1915 என்னும் எண்ணிற் பேசலாம். நிறுவனம் கட்டி விற்கும் அடுக்குமாடியாயின், 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கும். ஒப்படைத்த நாள் முதல் ஐந்தாண்டிற்குள் கட்டமைப்புக் குறையோ வேலைக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், 30 நாளில் செலவின்றித் திருத்தித் தருதல் கட்டியவர் கடன். பதிவு பெறவேண்டிய பெருந்திட்டங்களுக்கே அச்சட்டம் பொருந்தும். நம் சொந்த மனையில் நாமே மேஸ்திரி வைத்துக் கட்டிய வீட்டிற்கு நுகர்வோர் ஆணையமே வழி.

ஆயினும் முறையீடு கடைசி வழி. ஊரில் மேஸ்திரியும் நம்மவர், கொத்தனாரும் நம்மவர். பலர் பத்திரமின்றி, சதுர அடிக்கு இன்ன விலை என வாய்மொழியாகப் பேசியே வேலையைத் தொடங்குகின்றனர். பின்னர் முகம் பார்க்கவும் கூசிக் குறையைச் சொல்லாமலே சுமக்கின்றனர். கோபமாகப் பேசுவதைவிடக் குறையைப் பட்டியலாக எழுதி, நாளிட்டு, நிழற்படத்தோடு கையிற் கொடுத்து ஒரு படியிற் கையொப்பம் பெறுதல் நன்று. வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்திருக்க. வரைபடம், பணம் கொடுத்த சீட்டு, சிமெண்டும் கம்பியும் வாங்கிய ரசீது ஆகிய அனைத்தையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே பையில் வைக்க. எழுத்து இருக்குமிடத்து நேர்மையான தொழிலாளி வந்து திருத்தித் தருவான் என்பதே யான் கண்டது.

இனிக் கட்டத் தொடங்குவோர், மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைத்துத் தருவதாக முன்னரே பேசி எழுதிக்கொள்ளலாம். நம் வட்டத்திற்கு ஆடிக்காற்றோடு வரும் மழையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் இரண்டும் உண்டு. கார்த்திகைத் தீபம் கழிந்த பின்னர், மார்கழியில் வெயில் காயும் ஒரு நாளிற் கொத்தனாரையும் குழாய்த் தொழிலாளியையும் வீட்டிற்கு அழைத்து, மாடி முதல் கழிவுக்குழி வரை உடன் நடந்து, சுவரிற் பென்சிலால் இட்ட கோடுகளைக் காட்டி, திருத்த வேண்டுவன திருத்திய பின்னர் அவ்வைந்து பங்கையும் வெற்றிலை பாக்கோடு கொடுத்து அனுப்புக.